பரப்பா, நேர்மையா?

நாச்சாரத்தை அடுத்த உப்பலில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்? வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்து வரைபடமாக்கும் கலையும் அங்கே பயிற்றப்படுகிறது. அக்கலையின் உயிர்நாடி எது? விமானமா? அன்று, விமானத்தின் வயிற்றில் பொருத்திய அகலக் கோண வில்லையே என்பேன்.

பிலிம் காலத்து அளவைக் காமிராவைப் பாருங்கள். 23 சென்டிமீட்டர் சதுரப் படம். 152 மில்லிமீட்டர் குவியத் தூரம். மூலைக்கு மூலை ஏறத்தாழ 94 பாகை அதன் பார்வை. பார்வை அகன்றால் பறப்பு குறையும். அடுத்தடுத்த இரு படங்களை இணைத்து மேடு பள்ளம் அளப்பதும் துல்லியமாகும். ஆனால் அதற்கு விலை உண்டு. எளிய வில்லையில், அச்சிலிருந்து 45 பாகை விலகினால் ஒளி கால் பங்காகும்; 60 பாகையிலோ பதினாறில் ஒரு பங்கு! சோவியத் அறிஞர் ருசினோவ் 1940களில் இரு முனையிலும் பிறை வடிவக் குழிவில்லைகளை வைத்து அந்த இருளைக் குறைத்தார். 1950களின் தொடக்கத்தில் பெர்ட்டெலே அவ்வழியை மேலும் செம்மையாக்கினார்.

அப்படியானால் 180 பாகையும் பார்க்கலாமே என்பீர்கள். நேர்கோடு நேர்கோடாகவே விழவேண்டுமெனில் அது ஆகாது; 90 பாகையின் டேன்ஜென்ட் முடிவிலி அன்றோ! மீன்கண் வில்லை வானம் முழுவதையும் ஒரு வட்டத்துள் அடக்கும். ஆனால் சுவர் வளையும். பரப்பா, நேர்மையா, எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது? அந்த முடிவே வடிவமைப்பு.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2020இல் தொடங்கிய சுவாமித்வா திட்டத்தில் டிரோன் படங்களைக் கொண்டு சிற்றூர் மனைகளுக்கு எல்லை குறிக்கிறார்கள். வில்லையின் வளைவை அளந்து கழிக்காவிட்டால், ஏழையின் சுவர் அடுத்தவர் மனையில் போய் நிற்கும்!

நாமோ மெல்லிய வில்லையின் சூத்திரத்தை ஒப்புவித்துத் தேர்வெழுதுகிறோம். ஓரத்தில் சாய்ந்து நுழையும் ஒரு கதிரையேனும் தொடர்ந்து சென்று பார்த்தோமா? கருவி இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கணக்கிட்டார்கள் அந்நாள் வல்லுநர்கள். இன்று நம் மேசைக் கணிப்பொறி நொடியில் ஆயிரம் கதிர்களைத் தொடரும். தொடங்குவதற்கு ஸ்நெல் விதி போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: செய்முறை வகுப்பில் ஆளுக்கோர் அகலக் கோண வில்லையை வடிவமைக்கச் செய்யுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் தாருங்கள். பிறர் செய்த கண்ணால் நம் மண்ணை அளப்பது இழிவன்று. அக்கண் எங்கே பிழைக்கும் என்று அறியாமல் அளப்பதே இழிவு.