புகைக்கு செக் அவுட் டைம் கிடையாது

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் சென்னைக்காரன் என்ன செய்வான்? பாண்டிச்சேரிக்குக் கிளம்புவான். நாங்களும் கிளம்பினோம். மூன்று குடும்பம், இரண்டு கார், ஒரு நெபுலைசர்.

நெபுலைசர் எதற்கு என்றால், அக்கா பேத்திக்கு. ஆறு வயசு. வீசிங் உண்டு. அவள் எங்கே போனாலும் அந்தச் சின்ன மெஷினும் கூடவே போகும்.

பாண்டிச்சேரிக்குப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனோமே தவிர, தங்கியது விழுப்புரம் மாவட்டத்தில்தான். உங்களில் பல பேரும் அப்படித்தான், தெரியாமலே. பாண்டிச்சேரி டவுனுக்குள் வாடகை கட்டுப்படியாகாது. அதனால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், உள்ளே போனால் குயிலாப்பாளையம் என்று வீடு பிடிப்போம். எல்லாம் வானூர் தாலுகா. திரும்பின பக்கமெல்லாம் வாடகைக்கு ரூம், வாடகைக்கு வீடு. சமையலறை உண்டு, கடல் கூப்பிடு தூரம் என்பார்கள். நாங்கள் எடுத்தது மூன்று பெட்ரூம் வீடு. வாடகையை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

திண்டிவனத்தில் டிபன் சாப்பிட்டு, இடது பக்கம் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தாயிற்று. கதவைத் திறந்ததும் கும்மென்று மல்லிகை வாசனை. பெண்கள் எல்லோரும் "ஆஹா" என்றார்கள். எனக்கு மட்டும் வயிற்றில் புளி கரைத்தது. பூவே இல்லாத வீட்டில் மல்லிகை மணக்கிறது என்றால், எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். ரூம் ஸ்பிரே என்பது ஒரு வாக்குமூலம்.

ஏ.சி.யைப் போட்டு அரை மணி நேரத்தில் மல்லிகை அடங்கியது. அடியிலிருந்து நேற்றைய சிகரெட் எழுந்து வந்தது. தலையணையில், ஸ்கிரீனில், ஏ.சி. காற்றில். ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணற ஆரம்பித்தாள். மெஷினைப் போட்டு, மருந்து கொடுத்து, வராந்தாவில் பாய் விரித்து, கொசுவுக்கு நடுவில் விடிகிற வரை அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் அக்கா. மூன்று பெட்ரூமுக்குக் காசு கொடுத்துவிட்டு!

காலையில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வந்தார். கேட்டேன். "முந்தாநாள் இருந்த பார்ட்டி சார். வயசுப் பசங்க. சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. ஏசிய நிறுத்திட்டு ஜன்னலைத் தொறந்து வைங்க, போயிடும்" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? ஒரு கும்பல் போய் அடுத்த கும்பல் வருவதற்கு நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் பெருக்கித் துடைத்து, பெட்ஷீட் மாற்றி, ஆஷ்ட்ரேயைக் கொட்டுகிறவர் அவர். எங்களுக்கு அது ஒரு ராத்திரி. அவருக்கு வருஷம் முழுக்க.

ஆனால் "போயிடும்" என்றாரே, அங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். போகாது.

புகை என்றால் கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளைச் சுருள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஜன்னல் வழியாகப் போய்விடும், வாஸ்தவம். அதிலிருக்கும் நிகோடினும் தாரும் போகாது. சுவரில், மெத்தையில், திரைச்சீலையில், மரச் சாமானில் படிந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு நாள்கணக்காக, மாசக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகரெட் பிடிக்கிறவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகள். இரண்டு மாசம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்யப்பட்டு, சிகரெட்டே தொடாத குடும்பங்கள் குடிவந்த பிறகும் அங்கே தூசியில் நிகோடின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல் நுனியிலும் இருந்தது. அதே குழு 2013ல் ஓட்டல்களைச் சோதித்தது. சில அறையில் பிடிக்கலாம், சில அறையில் கூடாது என்று பிரித்து வைத்திருக்கும் ஓட்டல்களில், 'கூடாது' அறைகளிலும் நிகோடின் படிந்திருந்தது. இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2010ல், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தது... இல்லை, மூன்று வருஷம் முன்னால். கணக்கு நமக்கு எப்போதும் தகராறு. சுவரில் படிந்த நிகோடின் சும்மா இருப்பதில்லை. காற்றிலிருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய ரசாயனமாக மாறுகிறது என்பது அது.

ஒரு ராத்திரி தங்கினால் கேன்சர் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் வீசிங் குழந்தைக்கு ஒரு ராத்திரியே போதும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏ.சி. போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இருக்கிற ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் இழுத்து, குளிரவைத்து, திரும்ப முகத்தில் அடிக்கிறது. போன வாரத்துப் புகை ஃபில்டரில் இருந்தால், அதைக் குளிரவைத்துத் தருகிறது. கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி? அதுவும் புகைதான் ஐயா. வீசிங்காரனுக்கு இரண்டும் ஒன்று.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் திண்டிவனம் வருகிறது.

பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்ற சட்டம் 2003ல் வந்தது. காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பி, விதிகளைக் கடுமையாக்கி, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று நாடு முழுக்க அமலுக்குக் கொண்டுவந்தவர் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி. குடும்பத்துக்கு ஊர் திண்டிவனம். அப்பா டாக்டர் ராமதாஸ் வைத்தியம் பார்த்த ஊர். 2002ல் 'பாபா' படத்துக்காக ரஜினியோடும், 2018ல் 'சர்கார்' போஸ்டருக்காக விஜய்யோடும் சிகரெட் சண்டை போட்டவர்கள். அவர்கள் அரசியலில் உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் கருத்து இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

அந்த விதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். 30 அறையும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்தான் சிகரெட் பிடிக்கத் தனி அறைகள் ஒதுக்கலாம். அதுவும் ஒரே மாடியிலோ ஒரே பகுதியிலோ சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும். புகை வெளியே போக வேண்டும், வராந்தாவுக்கு வரக் கூடாது. வாசலில் 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் போர்டு வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று பெயர் எழுதி வைக்க வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. மீறினால் பிடித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். நடத்துகிறவரையும் விடாது.

30 அறைக்குக் கீழே இருந்தால்? சலுகையே கிடையாது. அப்படியானால் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பத்து அறை, பதினைந்து அறை லாட்ஜில் புகைக்கென்று ஓர் அறைகூட இருக்க முடியாது. நிஜத்தில்? ஒரு கல்யாணத்துக்குப் போய் திண்டிவனத்தில் தங்கியபோது, தண்ணி ஜக், சோப்பு, ஆஷ்ட்ரே மூன்றையும் ஒரே டிரேயில் கொண்டுவந்து வைத்தார் ரூம் பையன். சட்டம் கொண்டுவந்தவரின் ஊரில்! லாட்ஜில் உல்லாசப் பயணிகள் மட்டுமா தங்குகிறார்கள்? முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு, ராத்திரி தலைசாய்க்க வருகிறவர்களும் அதே மெத்தையில்தான் படுக்கிறார்கள்.

வாரக் கடைசி வாடகை வீடு இன்னும் வழவழா கொழகொழா. ஒரே குடும்பம் மொத்தமாக எடுத்த வீடு பொது இடமா, தனி இடமா என்று வக்கீல்கள் நாள் பூராவும் வாதாடலாம். வீட்டுக்காரர்களுக்கு அது வசதி. 'காசு கொடுத்து எடுத்த ரூம், எங்க இஷ்டம்' என்று பிடிக்கிறவர்களுக்கும் வசதி.

இந்த 'என் இஷ்டம்' ஆசாமிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எடுத்தது அறையை அல்ல, அறையில் ஒரு நாளை. நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்கள் செக் அவுட். உங்கள் புகைக்கு எப்போது? அடுத்த நாள் வாடகையை இன்னொருவன் கொடுக்கிறான். அவன் காசில் உங்கள் நிகோடின் ஏன் ஓசியில் தங்க வேண்டும்?

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2006லேயே மாரியட் ஓட்டல்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்லா அறையிலும் புகைக்குத் தடை போட்டுவிட்டன. அங்கே பல ஓட்டல்களில் மீறிப் பிடித்தால் சுத்தம் செய்கிற செலவு என்று 200, 250 டாலர் கார்டில் ஏறிவிடும். பர்ஸில் கை வைத்தால் மனுஷன் பால்கனிக்கு ஓடுவான். இங்கே வீட்டுக்காரர் முப்பது பக்கெட் தண்ணி செலவானால் முறைக்கிறார், மெத்தை நாறினால் மல்லிகை ஸ்பிரே வாங்குகிறார்.

நான் யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் நானும் பிடித்தவன். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நின்றால் முதல் ஆளாக இறங்குவேன், டீயும் ஒரு தம்மும். சில நாள் இறங்கக்கூட மாட்டேன், கம்பார்ட்மென்ட் கதவோரத்திலேயே. யாரும் எதுவும் சொன்னதில்லை. 1989ம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் ஒரு வேடிக்கையான பிரிவு உண்டு. கூட வருகிற பயணி ஆட்சேபித்தால் அந்தப் பெட்டியில் பிடிக்கக் கூடாது என்கிறது. ஆட்சேபித்தால்! அதாவது இருமுகிறவன்தான் எழுந்து கை தூக்க வேண்டும். நம் ஊரில் யார் தூக்குவார்கள்?

யாரும் தூக்க மாட்டார்கள் என்பதற்குக் கடைசிச் சாட்சி நானே.

ராத்திரி குழந்தை திணறிய அதே வீட்டில், மறுநாள் சாயங்காலம் ஹாலை ஒட்டிய பால்கனியில் ஒருவர் பற்றவைத்தார். கதவு திறந்திருக்கிறது. கடல் காற்று புகையை அப்படியே உள்ளே தள்ளுகிறது. யார் என்று பார்த்தால், அக்காவின் சின்னப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. கல்யாணமாகி எட்டு மாசம். அக்கா பார்த்தாள், அத்தான் பார்த்தார், குழந்தையின் அப்பாவும் பார்த்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையாச்சே! குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். முந்தாநாள் வந்த முகம் தெரியாத பசங்களைக் காலையெல்லாம் திட்டித் தீர்த்த குடும்பம் இது.

மூன்றாவது சிகரெட்டின்போது நான்தான் போனேன். "மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள புகை வருது. கேட்டுக்கு வெளியில தென்னை மரத்தாண்ட போயிடுங்களேன்."

அவர் பதறிப்போய் அணைத்தார். "பாப்பாவுக்கு நேத்து முடியாமப் போனது ஏ.சி. குளிருன்னு நினைச்சேன் மாமா. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்குக் கோபமே இல்லை. கோபம் வந்தது அத்தானுக்குத்தான், என் மேல். அன்று ராத்திரி சாப்பாடு முடிகிற வரை என்னோடு பேசவில்லை.

எங்கள் தாத்தா சுருட்டு பிடிப்பார். திண்ணையைத் தாண்டி உள்ளே கொண்டுவந்ததில்லை. சுகாதாரமெல்லாம் அவருக்குத் தெரியாது. பாட்டி விடமாட்டாள், அவ்வளவுதான். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் பாட்டி மாதிரி கொஞ்சம் இருந்தால் போதும். வெளியில், ஜன்னலை விட்டுத் தள்ளி, ஒரு பெஞ்சும் மணல் போட்ட பக்கெட்டும். உள்ளே பிடித்தால் இவ்வளவு பிடித்தம் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவது. சிகரெட் பிடிக்கிற நண்பர்களை நான் ஊரை விட்டு விரட்டச் சொல்லவில்லை. இருபது அடி நடக்கச் சொல்கிறேன்.

நீங்கள் அடுத்த லீவுக்கு வீடு தேடினால் ஒரு தந்திரம் சொல்கிறேன். 'சிகரெட் நாத்தம் இருக்குமா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'சேச்சே' என்பார்கள். பிடிக்கிறவர் மாதிரி கேளுங்கள். போன வாரம் அப்படி நாலு இடத்துக்கு போன் போட்டேன், "ரூம்ல சிகரெட் பிடிக்கலாமில்ல?" என்று. மூன்று பேர், "தாராளமா சார், ஆஷ்ட்ரேயே வெச்சிருக்கோம்" என்றார்கள். நாலாவது ஒரு அம்மா. "வேப்ப மரத்தடியில பக்கெட் வெச்சிருக்கேன், அங்க பிடிச்சுக்குங்க. உள்ள பிடிச்சா அட்வான்ஸ் திரும்பி வராது. இஷ்டம்னா வாங்க, இல்லன்னா வேற எடம் பாருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி, அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.