மாலைதீவின் கடலடிக்கு முதற் பயணம்

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆற்றிலும் குளத்திலும் இறங்குவோரை எண்ணிச் சொல்லப்பட்ட அவ்வறிவுரை, முதுகிற் காற்றுக்கலம் சுமந்து கடலின் அடித்தளத்தையே கண்டுவர விரும்பும் இன்றைய தலைமுறைக்கு முன்னெப்போதையும்விடப் பொருத்தமாக அமைந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணிநேரப் பறப்பில் அடையத்தக்க மாலைதீவுக்கு விடுமுறையிற் சென்று, முதன்முறையாகச் சுழியோடிப் பார்க்கலாமா என்று வினவும் இளைஞர் இப்பொழுது பலர். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்று. செலவு எவ்வளவு? எந்த மாதம் நல்லது? சுறாவைக் காணலாமா? இவை கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அதனைக் கேட்பார் அரியர். நாம் காணச் செல்லும் கடலடி இன்று எந்நிலையில் உள்ளது? நம் வருகை அதற்கு நன்மையா, தீமையா? இக்கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு ஏனைய மூன்றுக்கும் நேரிய விடை காண இயலாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சடக்கியவரும் காற்றைச் சுமந்தவரும்

சுழியோடுதல் நமக்குப் புதிய கலையன்று. மன்னார்க் கடலின் முத்துச் சலாபங்களிற் கல்லின் துணைகொண்டு இறங்கிய சுழியோடிகள், ஒரு மூச்சின் அளவே கடலடியில் தங்கி மீண்டனர். அந்த ஒரு மூச்சென்னும் எல்லையை 1943 இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்ரோவும் பொறியியலாளர் எமில் காஞ்ஞானும் தகர்த்தனர். உருளையில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கேற்ப, வேண்டும்பொழுது வேண்டுமளவு வழங்கும் சீராக்கியை அவர்கள் ஆக்கினர். 1957-58 ஆம் ஆண்டுகளில் ஒஸ்திரிய நாட்டு ஆய்வாளர் ஹான்ஸ் ஹாஸ், ‘ஸரீபா’ என்னும் கப்பலில் மாலைதீவுக்கு வந்து அதன் கடலடியை ஆராய்ந்து படமும் பிடித்தார். அன்று அஃது அறிஞர் சிலரின் துணிகரச் செயல்.

1972 இல் குரும்பா என்னும் தீவில் அந்நாட்டின் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. நெடுங்காலம் தனித்தீவு விடுதிகளில் தங்க வசதியுள்ள செல்வருக்கே அக்கடல் திறந்திருந்தது. 2009 இன் பின்னர், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தகங்கள் நடத்த இடமளிக்கப்பட்டமையால், மாபூசி போன்ற தீவுகளின் வாயில்கள் நடுத்தர வருவாயினருக்கும் திறந்தன. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 இலட்சத்து 15 ஆயிரம் மக்கள் வாழும் அந்நாட்டிற்கு, 2024 ஆம் ஆண்டில் வந்த பயணிகள் 20 இலட்சத்துக்கும் அதிகம். வீட்டாரைப்போல் நான்கு மடங்கு விருந்தினர்! அவர்களுட் பெரும்பாலாரை ஈர்ப்பது நிலமன்று, நீர்.

மீன்கள் ஆக்கும் மணல்

அந்நாட்டின் நிலம் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி இதன் பொருள் விளங்காது. 800 கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மாலைதீவில் 1,192 தீவுகள் உள்ளன என்பர். அவை 26 வளையங்களாக அமைந்துள்ளன. இவ்வளையங்களை உலக மொழிகள் ‘அட்டோல்’ என வழங்குகின்றன; அச்சொல் மாலைதீவின் திவேஹி மொழி உலகுக்கு வழங்கிய சொல்லாகும். தீவுக்குத் தீவு செல்லும் படகை அவர்கள் ‘தோனி’ என்னும்பொழுது நம் தோணியின் உறவு நினைவுக்கு வரும்.

அமிழ்ந்து செல்லும் எரிமலையைச் சுற்றிச் சிற்றுயிர்கள் மேல்நோக்கிக் கட்டியெழுப்பிய முருகைக்கற்பாரே அட்டோல் என்று 1842 இல் சார்ள்ஸ் டார்வின் விளக்கினார். அப்பார்மீது குவிந்த மணலே தீவு. இந்த மணல் எங்கிருந்து வந்தது? வக்காரு என்னும் தீவைப் பற்றி 2015 இல் வெளியான ஆய்வொன்று வியப்பான விடை தருகின்றது. அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டதைக் கிளிமீன்கள் ஆக்குகின்றனவாம். பாசியை உண்ணுவதற்காகக் கற்பாரைக் கொறிக்கும் அம்மீன், கல்லைப் பொடியாக்கிக் கழிவாக வெளியேற்றுகின்றது. வெண்மணற் கரையில் நடக்கும் பயணி, ஒருவகையில், மீன்கள் ஆக்கிய நிலத்தில் நடக்கின்றான். பவளவுயிர் இல்லையேல் கிளிமீன் இல்லை; கிளிமீன் இல்லையேல் மணல் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீற்றர் உயரமே உள்ள நாட்டுக்கு இத்தொடர்பு உயிர்நிலையாகும்.

உடலை ஆயத்தப்படுத்தல்

இனி, பயணத்துக்கு ஆயத்தமாவோன் செய்யவேண்டியவற்றை நோக்குவோம். முதலாவது, மருத்துவர். ஆஸ்துமா, இருதயநோய், காதுநோய், வலிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் உடையவர் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கலாகாது. இரண்டாவது, பயிற்சி. விடுதியில் ஒருநாட் காலையிற் சிறிது கற்று, பயிற்றுநரின் கைப்பிடியில் 12 மீற்றர் வரை இறங்கிவரும் அறிமுகச் சுழியோட்டமும் உண்டு. ஆயின் முறையாகக் கற்பதே சிறந்தது. பாடமும் நீச்சற்குளப் பயிற்சியும் கடலில் நான்கு சுழியோட்டங்களும் முடித்தவர்க்கு, 18 மீற்றர் வரை இறங்கும் தகுதிச் சான்றிதழ் வழங்கப்படும். இதனைச் சொந்த நாட்டிலேயே பெற்றுச் செல்வது மேல். கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் நிலாவெளியிலும், மேற்கிலும் தெற்கிலும் அமைதி நிலவும் மாதங்களில் ஹிக்கடுவை, உனவட்டுன ஆகிய இடங்களிலும் இப்பயிற்சி கிடைக்கின்றது.

கற்கவேண்டிய பௌதிகம் சிறிதேயாயினும் உயிரைக் காப்பது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றரில் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே உருளையிலுள்ள காற்றும் நான்கு மடங்கு விரைவிற் தீரும். 10 மீற்றரில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்பொழுது இருமடங்காக விரியும். ஆதலின் மூச்சை அடக்கிக்கொண்டு எழுவது சாவை அழைப்பதாகும். மன்னார்ச் சுழியோடியைக் காத்த மூச்சடக்கம் இக்கருவியைச் சுமந்தவனைக் கொல்லும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிகாத வேகத்தில் எழுதலும், 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்தலும் வழக்கமான விதிகள். விரைந்து எழுவோனின் குருதியிற் கரைந்த நைதரசன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டையும் நரம்பையும் தாக்கும்.

மாலைதீவுச் சட்டம் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 30 மீற்றரை எல்லையாக வகுத்துள்ளது. அழுத்தநோய்க்குச் சிகிச்சையளிக்கும் கூடங்கள் சில தீவுகளில் மட்டுமே உள்ளமையால், சுழியோட்டத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி இன்றியமையாதது. பல நாட் சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணிநேரம் காத்திருத்தல் வேண்டும். ஆகவே பயணத்தின் கடைசி நாள் கரைக்குரியது. பயணச்சீட்டு வாங்கும்பொழுதே இதனை நினைத்தல் வேண்டும்.

காலமும் இடமும் பணமும்

தைமாதம் முதல் சித்திரை வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலம். வானம் தெளிந்திருக்கும், கடலடியில் நெடுந்தூரம் காணலாம், விடுதிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். வைகாசி முதல் கார்த்திகை வரை தென்மேற்குக் காற்றும் மழையும். நீர் சற்றுக் கலங்கும். ஆயினும் அக்கலக்கத்துக்குக் காரணமான மிதவையுயிர்களை உண்ணவே ஆனைத்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. 2011 இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற பா அட்டோலில் ஹனிபாரு விரிகுடா இதற்குப் பெயர்பெற்றது. ஆங்கு காற்றுருளையுடன் இறங்கத் தடையுண்டு. மேற்பரப்பில் நீந்தியே பார்க்கலாம். இதனை அறியாது கருவிகளைச் சுமந்து சென்று ஏமாறுவோர் உளர். தென் ஆரி அட்டோலில் திமிங்கிலச் சுறாவை ஆண்டு முழுவதும் காணும் வாய்ப்புண்டு.

புதியவர் ஒன்றை மறத்தலாகாது. பெருஞ் சுறாக்கள் கூடுமிடம், அட்டோலின் வளையத்தை ஊடறுத்துக் கடல் பாயும் வாய்க்கால். ஆங்கு நீரோட்டம் கடுமையானது. முதற் பயணத்தில் தீவையடுத்த கற்பாரும் களப்பினுள் அமைந்த அமைதியான திட்டுகளுமே தக்கன. பல நாள் கடலிற் தங்கும் சுழியோட்டக் கப்பல்கள் அனுபவம் பெற்றபின்னர்க்கு உரியவை.

செலவைக் கணக்கிடுவோர் விளம்பரத்திற் காணும் கட்டணத்தோடு நிறுத்துதல் கூடாது. 2025 தை முதல், உல்லாச விடுதிகளில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 12 அமெரிக்க டொலரும், மக்கள் வாழும் தீவுகளின் சிறு விருந்தகங்களில் 6 டொலரும் பசுமைவரியாக அறவிடப்படுகின்றன. 2025 ஆடியில் உல்லாசப் பயணத்துறைக்கான பொருட்சேவை வரியும் 17 சதவீதமாக உயர்ந்தது. ஊர்த்தீவுகளில் மது விலக்கு; உடையிலும் அடக்கம் வேண்டும். இசுலாமிய மக்களின் ஊரில் விருந்தினராகத் தங்குவோர்க்கு இது சுமையாகாது.

வெப்பமும் தூர்வாரலும்

இவ்வளவும் ஆயத்தமான பின்னர் கடலடியில் நாம் காண்பது யாது? நான்காவது கேள்விக்கு வந்துவிட்டோம். கோடையின் உச்சவெப்பத்துக்குமேல் ஒரு பாகை கூடி, அந்நிலை சில வாரம் நீடித்தாற் போதும். பவளவுயிர் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவும் நிறமும் தந்த நுண்பாசியை வெளியேற்றி வெளிறிப்போகும். வெப்பம் தணியாவிடின் இறக்கும். 1998 இல் மாலைதீவின் ஆழங்குறைந்த பார்கள் பலவற்றிற் பத்தில் ஒன்பது பங்கு அவ்வாறு அழிந்தது. அதே ஆண்டு நம் ஹிக்கடுவைப் பாரும் வெளிறியது. மாலைதீவின் பார்கள் தேறிவரும்பொழுது 2016 இல் இரண்டாம் அடி விழுந்தது. ஆராயப்பட்ட இடங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளிறியது. 2024 சித்திரையில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதை விஞ்ஞானிகள் அறிவித்தனர். மாலைதீவும் அதற்குத் தப்பவில்லை. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே பதினெட்டாண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே எட்டாண்டு. தேறுவதற்கான அவகாசம் சுருங்கிக்கொண்டே வருகின்றது.

வெப்பம் உலகின் குற்றம். மாலைதீவு மக்கள் அதற்குப் பொறுப்பாளிகளல்லர். 2009 ஐப்பசியில் அந்நாட்டின் அமைச்சரவை சுழியோட்ட உடையணிந்து கடலடியிற் கூடியது, இந்த அநீதியை உலகுக்கு உணர்த்தவே. ஆயினும் மற்றொரு துன்பம் உள்நாட்டுக் கொள்கையினால் வருவது. நிலமின்மையால் நெருக்குண்ட அந்நாடு, களப்பைத் தூர்வாரி மணலெடுத்துப் புதுநிலம் ஆக்குகின்றது. மாலே நகருக்கு அண்மையிலுள்ள குல்ஹிபல்ஹு களப்பில் துறைமுகத்துக்கும் குடியிருப்புக்குமாக 2020 இல் அப்பணி தொடங்கியது. அக்களப்பின் விளிம்பிலுள்ள சுழியோடு தலமொன்று ஹான்ஸ் ஹாஸின் பெயரைத் தாங்கியது! 2020 இல் யுனெஸ்கோ காப்பகமாக ஏற்ற அத்து அட்டோலிலும் 2023 இல் தூர்வாரல் நடந்தது. கிளறப்பட்ட சேறு பவளவுயிரின்மீது படிந்தால் அது மூச்சடைத்து இறக்கும். நெரிசலில் வாழும் மக்களுக்கு வீடு வேண்டாம் என்று வெளிநாட்டுப் பயணி சொல்லுதல் முறையன்று. ஆயினும் தீவைத் தாங்கும் பாரை அழித்துத் தீவை விரிவாக்குதல், அத்திவாரக் கல்லைப் பெயர்த்து மேல்மாடி கட்டுதற்கு ஒப்பானதன்றோ?

காத்தால் பயனுண்டு என்பதற்கும் அந்நாடே சான்று. 1993 இல் வெளியான கணிப்பொன்று, பெயர்பெற்ற சுழியோடு தலமொன்றில் வாழும் ஒரு பார்ச்சுறா பயணிகள் வாயிலாக ஆண்டுக்கு 33,500 டொலர் ஈட்டித்தருவதாகவும், அதே சுறாவைப் பிடித்து விற்றால் 32 டொலரே கிடைப்பதாகவும் காட்டியது. 2010 இல் அந்நாடு சுறாவேட்டையை முற்றாகத் தடைசெய்தது. 2025 இல் ஆழ்கடற் சுறாவினம் ஒன்றைப் பிடிக்க மீண்டும் அனுமதிக்கப்போவதாக அரசு அறிவித்தமை, காத்தவற்றையும் மீளக் கைவிடும் போக்குக்கு அறிகுறியோ என்ற அச்சத்தைக் கிளப்பியுள்ளது.

போகலாமா?

அவ்வாறாயின் போகாதிருத்தலே நன்றன்றோ என்று சிலர் கேட்பர். விமானத்தின் புகையும் அக்கடலைச் சுடும் வெப்பத்துக்கு ஒரு சிறுபங்கு சேர்க்கின்றது என்பது உண்மை. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. எனினும் சுறாவுக்குக் காவல் கிடைத்தது, அதனைக் காண வந்தோர் இருந்தமையாலேயே. காணாத ஒன்றுக்காக வழக்காடுவோர் சிலரே.

ஆகவே போகலாம்; ஆனால் மாணவனாகப் போகவேண்டும். புதிய சுழியோடி செய்யும் தீங்கு பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதன்று. தன் மிதப்பை நிலைநிறுத்தத் தெரியாது தடுமாறி, காலிற் பூட்டிய செட்டையால், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளரும் பவளக் கிளையை ஒரு கணத்தில் முறிக்கின்றான். ஆதலின் மிதப்புப் பயிற்சியைச் சொந்த ஊர்க் கடலிலே முடித்துக்கொண்டு செல்பவன், தன் பாதுகாப்பையும் பாரின் பாதுகாப்பையும் ஒருங்கே தேடியவனாகின்றான். எதையும் தொடாமையும், சிப்பியொன்றையேனும் எடுத்து வாராமையும், மீனுக்கு இரைபோட்டுப் படம்பிடிக்கும் படகை விலக்குதலும் அவன் கடமை. தங்குமிடத்தைத் தெரியும்பொழுது அதன் கழிவுநீர் எங்கே செல்கின்றது என்று ஒரு வார்த்தை கேட்டால், பலர் கேட்கத் தொடங்குவர். கேள்வி பெருகினால் விடுதிக்காரரும் விடை தேடுவர்.

வெளிறிய பாரைக் கண்டால் ஏமாற்றமடைந்து திரும்புதலும் வேண்டா. இறந்த கிளையின் மருங்கில் விரலளவு புதுக்கிளை தளிர்ப்பதைக் காட்டத் தெரிந்த வழிகாட்டி கிடைப்பானாயின், பத்துச் சுறாவைக் காட்டுபவனினும் அவனே மேலானவன். முதற் பயணத்துக்குச் செல்வோர் அத்தகைய வழிகாட்டியைத் தேடிச் செல்க. திரும்பி வந்ததும், தாம் கண்டதை வகுப்பறையிலும் நண்பர் நடுவிலும் உள்ளவாறே சொல்க. அக்கடலுக்கு நாம் செலுத்தக்கூடிய கட்டணம் இன்று அதுவே.