கோணற் பாலமும் கணிப்பொறியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. பொறியியல் பயிலும் மாணவர் ஆற்றங்கரையை மறந்து கணிப்பொறித் திரையையே நம்பியிருக்கும் இந்நாளில், அப்பழமொழியை மீண்டும் நினைவூட்டுதல் நம் கடமையாகின்றது. அதற்குக் கோணற் பாலத்தின் கணக்கைவிடச் சிறந்த சான்று வேறில்லை என்பது என் துணிபு.

சாலையும் இருப்புப்பாதையும் ஆற்றிற்காக வளைவதில்லை. ஆறும் அவற்றிற்காக வளைவதில்லை. இரண்டும் சாய்வாகச் சந்திக்குமிடத்தில் எழுவதே கோணற் பாலம். கரையில் நின்று அளந்தால் அதன் நீளம் 100 மீட்டர் இருக்கலாம். ஆயின் வெள்ளம் அதற்கு நேர்க்குறுக்காக வாராமல் 30 பாகை சாய்ந்து வருமானால், நீருக்குக் கிடைக்கும் வாயில் 86.6 மீட்டரே. 45 பாகையாயின் அது 70.7 மீட்டராகச் சுருங்கும். அகலம் சுருங்கச் சுருங்கப் பாலத்தின் மேற்புறத்தில் நீர் தேங்கி உயரும். அவ்வுயர்வு ஒரு சாண் ஆயினும், தாழ்நிலத்து வீட்டுக்காரனுக்கு அது வாழ்வா தாழ்வா என்னும் வினாவன்றோ!

இக்கணக்கைப் போட உலகெங்கும் பெரிதும் வழங்குவது ஹெக்-ராஸ் என்னும் மென்பொருள். அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவைச் சார்ந்து கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் உள்ள நீரியல் பொறியியல் நிலையம் இதனை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டது. விலையின்றி யாவருக்கும் வழங்கப்படும் அருங்கொடை இது. நாம் கோணத்தை எழுதினால், பாலத்தின் கிடை அளவுகளை அக்கோணத்தின் கோசைனால் பெருக்கி அது தானே சுருக்கிக்கொள்ளும். ஆனால் அக்கோணம் எது என்று அது அறியாது. பொய்யான எண்ணைக் கொடுத்தாலும், மெய்யான எண்ணைப் பெற்றதுபோலவே மூன்று தசமத் தானம் வரை விடை பகரும்.

இங்கு நேரும் பிழைகள் மூன்று. முதலாவது, மேற்புறத்தில் ஆறு வரும் திசையையே பாலத்தினூடு நீர் செல்லும் திசையாகக் கொள்வது. சாய்வு மிகுந்த பாலத்தை நெருங்கும் நீர், வாயிலுக்குள் நுழையுமுன்பே ஓரளவு திரும்பிக்கொள்கின்றது. ஆகவே உண்மையான வாயில், நாம் கணக்கிட்டதைவிட அகன்றதாகவே இருக்கும். மாதிரிகளைக் கொண்டு செய்த சோதனைகள், 20 பாகை வரை சாய்வினால் நீரோட்டத்திற்குப் பெருங்கேடில்லை என்றும், நீர் மிகுதியாக நெருக்கப்படாத இடத்தில் 30 பாகை வரை இந்தக் கோசைன் கணக்குப் போதுமென்றும் காட்டின. அதற்கு மேல் எண்ணை மட்டும் நம்புதல் தகாது.

இரண்டாவது, ஒருமுறை சுருக்கியதை மீண்டும் சுருக்குவது. நீரோட்டத்திற்கு நேர்க்குறுக்காக அளந்த 86.6 மீட்டரை எழுதிவிட்டு, 30 பாகையையும் உடன் எழுதினால், வாயில் 75 மீட்டராகிவிடும். அளந்தவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர் ஆகுமிடத்தில் இது எளிதில் நிகழும்.

மூன்றாவது, தூண்களை மறப்பது. 10 மீட்டர் நீளமும் 1 மீட்டர் கனமும் உள்ள தூணின் நீளவாக்கிலேயே நீர் சென்றால், அது மறைப்பது 1 மீட்டர். 30 பாகை சாய்ந்து மோதினால், மறைப்பது 5.87 மீட்டர். பாலம் கோணலாயினும் தூண்களை நீரோட்டத்தின் திசையிலேயே நிறுத்தியிருந்தால் இத்தீங்கில்லை. ஆதலால் பாலத்தின் கோணம் வேறு, தூணின் கோணம் வேறு. மென்பொருளும் இரண்டையும் தனித்தனியே கேட்கின்றது.

"ஐயம் எழுந்தால் மிகுதியான கோணத்தையே எழுதுவோம், நீர்மட்டம் உயர்வாகத் தோன்றினால் யாருக்கு நட்டம்?" என்பாரும் உளர். இதனை நான் ஒப்பேன். வெள்ளம் அணுகாத நிலத்தை வெள்ள நிலமென்று வரைபடத்தில் குறித்தால், அதன் உடையவன் மனையின் மதிப்பை இழக்கின்றான். தேவையற்ற நீளத்திற்குப் பாலம் கட்டினால் பொதுப்பணம் வீணாகின்றது. இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கணக்கிட்ட மட்டம், முன் வந்த வெள்ளத்தின் அடையாளத்தோடு பொருந்தாதபோது, கோணத்தைத் திருத்தாமல் ஆற்றுப்படுகையின் சொரசொரப்பு எண்ணைத் திருத்திப் பொருத்திவிடுவர். ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை துணை வருகின்றது. அடுத்த வெள்ளத்தில் இரண்டும் வெளிப்படும்.

அன்றியும், ஆறு என்றும் ஒரே வழியில் ஓடுவதில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஹாச்சி ஆறு பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து, முன்பு கரைவெளியில் நின்ற தூண்களின் அடிமண்ணை அரித்தது. 1989 ஏப்ரல் 1ஆம் நாள் பாலம் இடிந்து 8 உயிர்கள் மாண்டன. அது கோணக் கணக்கின் பிழையன்று. எனினும், கட்டிய நாளில் அளந்தது இன்றும் மெய்யாயிருக்கும் என்று எண்ணலாகாது என்னும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.

2016ஆம் ஆண்டு முதல் இம்மென்பொருள் நீர் நெடுக்கிலும் குறுக்கிலும் திரும்புவதை இருபரிமாணத்திலும் காட்டுகின்றது. சாய்வு மிகுந்த இடங்களில் அதனைக் கையாளுதல் நன்று. ஆயினும் அதற்கும் நிலத்தின் வடிவை நாமே மெய்யாக அளந்து தரல் வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்காள்! கோணத்தை எழுதுமுன் ஒருமுறை பாலத்தடிக்குச் செல்லுங்கள். கோடையில் சிறு ஓடை செல்லும் வழியைக் கண்டு ஏமாறாதீர்கள். கரை ததும்பும் வெள்ளம் வளைவுகளைக் கடந்து வேறு வழியே செல்லும். தூணில் படிந்த சேற்றுக்கோட்டையும், அரிப்புண்ட பக்கத்தையும், சிக்கிய சருகுகள் சாய்ந்த திசையையும் பாருங்கள். அருகில் வாழும் முதியவரை வினவுங்கள். அதன் பின்னரே திரையின்முன் அமருங்கள். கணக்குப் போடுதல் பொறியின் தொழில். எதைக் கணக்கிடுவது என்று துணிதல் மனிதனின் பொறுப்பு. அப்பொறுப்பைப் பொறியிடம் ஒப்படைத்தவன், வெள்ளம் வந்த நாளில் யாரைக் குறைகூறுவான்?