கூடுவதற்கு யாருடைய தயவு வேண்டும்?

ஆண்டுதோறும் டிசம்பர் 10-ஆம் தேதியன்று சர்க்கார் காரியாலயங்களில் சிப்பந்திகள் வரிசையாக நின்று மனித உரிமைப் பிரதிக்ஞையை ஒருமித்த குரலில் வாசித்துவிட்டு, சில நிமிஷங்களுக்குள் அவரவர் மேஜைக்குத் திரும்பிவிடுவதை நாம் வெகுகாலமாகப் பார்த்து வருகிறோம். 1948-இல் பாரிஸ் மாநகரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சர்வதேசப் பிரகடனத்துக்கு இப்படியொரு வருஷாந்திரச் சடங்கு நடப்பதில் நமக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு பேட்டையைச் சேர்ந்த இருபது பேர் தங்கள் தெருவின் குறைகளைக் கூடிப் பேச ஒரு கூடம் கேட்டால், ‘போலீஸ் அனுமதி வாங்கிவிட்டீர்களா?’ என்ற கேள்விதான் முதலில் பிறக்கிறதென்றால், வாசித்த பிரதிக்ஞைக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமலிருக்க முடியவில்லை. அமைதியாகக் கூட விரும்பும் பிரஜைகள் போலீஸாருக்குத் தகவல் கொடுத்தால் போதும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும், ஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்த மண்டபங்கள் அவர்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

புனேயின் வானவடியை எடுத்துக்கொள்வோம். மராட்டிய சரித்திரத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான மகாதஜி ஷிண்டே 1794-இல் உயிர் நீத்த இடம் இது. அவருடைய ஞாபகார்த்தமான சத்ரியைக் காண இன்றும் வெளியூரார் வருகிறார்கள். ராணுவ மருத்துவக் கல்லூரியும், ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் ராம்டேக்டியின் நெருக்கமான சந்துகள் இருக்கின்றன. மாநகராட்சி இரண்டையும் வானவடி–ராம்டேக்டி என்ற ஒரே வட்டார அலுவலகத்தின் கீழ் வைத்திருக்கிறது. இருந்தும் இந்த இரு தரப்பு ஜனங்களும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளும் இடம், பெரும்பாலும், காலை வேளையில் குப்பை வாங்கும் பெண் வந்து நிற்கிற சொசைட்டி வாசல் ஒன்றுதான்.

அந்தப் பெண்ணின் வேலையைச் சற்று நின்று கவனித்தவர்கள் மிகச் சிலரே. ஈரக் குப்பைக்கு ஒரு வாளியும் உலர்ந்த குப்பைக்கு ஒரு கோணியுமாகத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, சுவரோரமாக விரித்த தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து, பால் கவர் வேறு, அட்டை வேறு, கண்ணாடி வேறு என்று அவள் பிரித்துக்கொண்டிருக்கையில், யாரோ காகிதத்தில்கூடச் சுற்றாமல் எறிந்த சானிட்டரி நாப்கினும் அவள் கையில் வந்து விழுகிறது. அதைச் சுற்றிக் கட்டி, பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று இந்தப் பெண்கள் நகரத்தாரை வேண்டிக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 2013-இல், உபயோகித்த நாப்கின்களையே மூட்டையாகக் கட்டி, அவற்றை உற்பத்தி செய்த கம்பெனிகளுக்குத் திருப்பியனுப்பவும் செய்தார்கள். மனித உரிமை பற்றி அச்சிடப்பட்ட அநேக அறிக்கைகளைவிட அந்த மூட்டைகள் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லின என்பது நம் எண்ணம்.

இந்தத் தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? குப்பைத் தொட்டியைக் கிளறுகிறவள் திருடியாகத்தான் இருப்பாள் என்று போலீஸாரும் கடைக்காரரும் விரட்டிய காலத்தில், எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் திட்டத்தைச் சேர்ந்த சிலர் அவர்களோடு தொட்டி தொட்டியாக நடந்து பழகினார்கள். அதன் பயனாக 1993-இல் நகரத்தின் பல பேட்டைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரு மாநாட்டில் கூடினார்கள். காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கிப் பிழைக்கும் உழைப்பாளிகளின் சங்கமாகிய ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ பிறந்தது அந்த மாநாட்டில்தான். மாநகராட்சி அங்கீகரித்த அடையாள அட்டை பிறகு வந்தது; மருத்துவ இன்ஷூரன்ஸ் பிறகு வந்தது; வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பணியை இவர்களுடைய ‘ஸ்வச்ச’ கூட்டுறவு ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2008-இல் வந்தது. எந்தச் சட்டமன்றமும் இவற்றைத் தானாக முன்வந்து தந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் ஓரிடத்தில் கூடி, ஒருத்திக்கு நேர்ந்த அவமானம் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டதே காரணம்.

புனேக்கு இது புதிதும் அல்ல. தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டாதாருக்குத் திறந்துவிட்ட ஜோதிராவ் புலே 1873-இல் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கியதும், சுமைகூலிகளைச் சங்கமாக்கிய பாபா ஆடாவ் ‘ஓர் ஊருக்கு ஒரே நீர்த்துறை’ என்று 1970களில் கிராமம் கிராமமாகச் சென்று, எல்லா ஜாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்ததும் இந்த ஊரின் சரித்திரம். 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலை உலாவச் சென்ற மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத் தலைவர் டாக்டர் நரேந்திர தாபோல்கர் பாலத்தின் மீது சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய தோழர்கள் மாதந்தோறும் 20-ஆம் தேதி அதே பாலத்தில் கூடி நீதி கேட்டார்கள்; இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பு 2024 மே மாதத்தில்தான் வந்தது. புனேக்கு வெளியேயும், ராஜஸ்தானத்தில் 1994-இல் கிராமத்து ஜனங்கள் பந்தலடியில் உட்கார்ந்து பஞ்சாயத்துக் கணக்குகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பொது விசாரணைகளே 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு விதையாயின என்பதையும் நேயர்கள் அறிவார்கள்.

இத்தகைய சரித்திரமுள்ள புனேயில் இன்று கூட்டம் என்றாலே ஒரு தயக்கம் இருக்கிறதென்றால் அதன் காரணத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2017 டிசம்பர் 31-ஆம் தேதி சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் என்ற மகாநாடும், மறுநாள் கோரேகாவ் பீமாவில் மூண்ட கலவரமும், அவற்றைத் தொடர்ந்த வழக்கும் கைதுகளும் இன்னும் ஜனங்களின் நினைவில் இருக்கின்றன. அந்த மகாநாட்டைக் கூட்டியவர்கள் தாங்களே என்று ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவர் பகிரங்கமாகச் சொன்ன பின்பும், திருச்சி ஜில்லாவில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி உள்பட பதினாறு பேர் அந்த வழக்கில் சிறை புகுந்தார்கள். நடுங்கும் கையால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் வைத்த குவளை ஒன்றுக்கு மனுச் செய்துகொள்ள நேர்ந்த அந்த முதியவர், விசாரணையே தொடங்காத நிலையில், 2021 ஜூலை 5-ஆம் தேதி தம் 84-ஆம் வயதில் காலமானார். வழக்கின் உண்மையை நியாயஸ்தலம் தீர்மானிக்கட்டும். ஆனால் சொசைட்டிக் காரியதரிசிகளும் பள்ளி நிர்வாகிகளும் உரிமை என்ற சொல் அச்சிட்ட அழைப்பிதழைக் கண்டதும் கூடத்தின் சாவியைத் தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு எந்த நியாயஸ்தலமும் உத்தரவிடவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் ஜனங்களின் பக்கமே நிற்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து அளிக்கிறது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்தப் போலீஸ் கமிஷனரின் அனுமதி வேண்டுமென்று அகமதாபாத்தில் இருந்த விதியை, 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் சாசன பெஞ்ச், அது அதிகாரிக்கு வரையறையற்ற அதிகாரம் கொடுக்கிறதென்ற காரணத்தால் செல்லாதென்றது. கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம், பொதுத் தெருக்களையெல்லாம் அவற்றுக்கு அடைத்துவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆயினும் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி குறுகிய காலத்துக்கென்று பிறப்பிக்கப்படும் தடையுத்தரவுகள் நகரங்களில் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, விலக்காக இருக்க வேண்டியது விதியாகிவிட்டது.

போக்குவரத்துக்கும் அமைதிக்கும் இடைஞ்சல் என்ற ஆட்சேபம் உண்டு. கணபதி உற்சவத்தின்போது பந்தல்கள் தெருவை அடைத்துக்கொள்வதையும், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற விதி சில நாட்களுக்கு நள்ளிரவுவரை தளர்த்தப்படுவதையும் நாம் குறை கூறவில்லை. ஊர் கூடிக் களிப்பது நல்லதே. அந்த விழாவை 1893-இல் திலகர் வீதிக்குக் கொண்டுவந்ததன் உள்நோக்கங்களுள் ஒன்று, அந்நிய ஆட்சியில் ஜனங்கள் அச்சமின்றிக் கூடிப் பேச ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்பதே அல்லவா? பத்து நாள் உற்சவத்தைத் தாங்கும் தெரு, ராம்டேக்டித் தொழிற்பேட்டையின் குப்பை ஆலைகளிலிருந்து வீசும் நாற்றத்தைப் பற்றிப் பேசும் இரண்டு மணி நேரக் கூட்டத்தையும் தாங்கும்.

இயக்கத்தாரிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. இங்கிலீஷில் சொற்பொழிவு, மெழுகுவர்த்தி, ஒரு புகைப்படம் என்ற அளவில் முடிந்துவிடும் நிகழ்ச்சிகள், காலை ஆறு மணிக்கு வண்டி தள்ளப் புறப்படும் பெண்ணுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. மராட்டியிலும் இந்தியிலும் தமிழிலும் பேசப்பட வேண்டும். உழைப்பாளிகளுக்கு ஓய்வுள்ள நேரத்தில் கூட வேண்டும். பாட்டும் கூத்தும் இருந்தால் இன்னும் நல்லது. சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களின் கடற்கரையில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தபோது, எந்தச் சொற்பொழிவாலும் வராத கேள்விகள் சபைக்காரர்களின் மனத்தில் எழுந்தன.

ஆகவே, கூட்டத்தைத் தடுக்க நேர்ந்தால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம், மேல் முறையீட்டுக்கு அவகாசம் இருக்கும்படி தரவேண்டுமென்று போலீஸ் இலாகாவையும், பள்ளி மைதானங்களையும் சமூகக் கூடங்களையும், பேசப்போகும் விஷயத்தை விசாரியாமல், எல்லோருக்கும் ஒரே வாடகைக்கு விடவேண்டுமென்று மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறோம். வருகிற டிசம்பர் 10-ஆம் தேதி மாலையில் வானவடி–ராம்டேக்டி வட்டார அலுவலகம் முதல் கூடத்தைத் திறந்துவைக்கட்டும். பொங்கல் விழாவுக்கும் ஐயப்ப பூஜைக்கும் குடும்பத்தோடு திரண்டு வருகிற புனேத் தமிழர்கள் அன்றைக்கும் வர வேண்டும்; வரும்போது தங்கள் வாசலில் குப்பை வாங்குகிற பெண்ணையும் அழைத்து வந்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, அவளை முதலில் பேசச் சொல்ல வேண்டும்.