பொக்லைனைக் கழட்டலாமா, கண்ணாடிக்குள்ள வைக்கலாமா?



மக்காச்சோளம் அறுவடை முடிஞ்சு, தட்டையை மாட்டுக்குப் போர் போட்டுட்டு, ரெண்டு நாளா கொஞ்சம் ஓய்வா இருக்கேன். வழக்கமா மழை, விலை, முந்திரிப் பூன்னு எழுதுறவன், இந்தத் தடவை ஒரு விளையாட்டுச் சாமானைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. அந்தச் சாமானால எங்க வீட்டுல ஒரு வாரமா யாரும் யாரோடவும் சரியாப் பேசலை.

விஷயம் இதுதான். என் மாப்பிள்ளை துபாயில வேலை பார்க்கிறாரு. போன லீவுக்கு வந்தப்போ பேரனுக்கு ஒரு லெகோ பெட்டி வாங்கிட்டு வந்தாரு. உள்ள ஐநூத்துச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டு. படம் போட்ட புத்தகத்தைப் பார்த்து ஒண்ணு மேல ஒண்ணு சொருகினா மஞ்சக் கலர் பொக்லைன் வருது. கை தூக்கும், வாளி கவிழும், மேல ஒரு டிரைவர் பொம்மை வேற. எங்க பக்கத்துப் பிள்ளைங்க சிமெண்ட் ஆலை லாரியும் பொக்லைனும் பார்த்தே வளர்றதுங்க. கேக்கணுமா? அப்பனும் மகனும் ரெண்டு ராத்திரி உக்காந்து கட்டி முடிச்சாங்க. மூணாம் நாள் மாப்பிள்ளை திருச்சியில பிளைட் ஏறிட்டாரு.

அதுலேர்ந்து அந்தப் பொக்லைன் டிவிக்கு மேல கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு. என் மகள் பூட்டி வச்சிருக்கா. பேரன் தினமும் அதுக்கு முன்னாடி நின்னு பார்க்கிறான். போன வாரம் எங்கிட்ட வந்து, "தாத்தா, அதக் கழட்டி போர்வெல் வண்டி பண்ணித் தர்றேன், அம்மாகிட்ட சொல்லு"ன்னான். நான் போய்ச் சொன்னேன். மகள் சொன்ன பதில்: "அவங்க அப்பா கையால கட்டுனதுப்பா. கழட்டிட்டா வீட்டுல அவர் வந்துட்டுப் போன அடையாளமே இல்லாமப் போயிரும்."

எனக்குப் பேச்சு வரலை. ஆனா யோசிச்சுப் பார்த்ததுல, அந்தப் பெட்டியைக் கழட்டத்தான் வேணும்னு எனக்குப் படுது. ஏன்னு சொல்றேன்.

நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ கடையில வாங்குன பொம்மைன்னா செந்துறை திருவிழாக் கடையில ஊதலும் பலூனும்தான். மத்ததெல்லாம் நாங்களே செஞ்சது. சோளத்தட்டையைத் தோல் உரிச்சு, நெட்டியை வெட்டி, தோலைக் குச்சியாக் குத்தி மாட்டுவண்டி செய்வோம். நுங்கு தின்னுட்டு அந்தக் கூந்தல்ல வண்டி. மழை பேஞ்சா ஏரிக்கரைக் களிமண்ணுல மாடு. ராத்திரி அதுல பாதி பிஞ்சு கிடக்கும், மறுநாள் மிச்சத்தை வச்சு வேற செய்வோம். எதையும் யாரும் எடுத்து வச்சதில்லை. அதனால எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வண்டிச் சக்கரத்துல குடம் எங்க இருக்கு, ஆரக்கால் எப்படி வட்டையில போய் உக்காருது, கடையாணி எதுக்குன்னு எல்லாம் அந்தச் சோளத்தட்டை வண்டியிலதான் நான் கத்துக்கிட்டேன்.

சரி, இந்த லெகோவை யாரு, எதுக்குச் செஞ்சாங்கன்னு பார்த்தேன். டென்மார்க்குல பில்லுண்டுன்னு ஒரு ஊரு. அங்க ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்னு ஒரு தச்சர் 1932-ல மரப் பொம்மை செய்ய ஆரம்பிச்சாரு. அவங்க மொழியில 'நல்லா விளையாடு'ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு வார்த்தையைச் சுருக்கித்தான் லெகோன்னு பேர் வச்சாங்க. இப்ப நாம பார்க்கிற கட்டைக்கு, மேல குமிழும் உள்ளே குழாயும் வச்ச அமைப்புக்கு, 1958 ஜனவரியில காப்புரிமை கேட்டாங்க. அந்தக் குழாயிலதான் சூட்சுமம். சொருகினா விலகாம நிக்கும், சின்னப் பிள்ளை இழுத்தாலும் கழண்டு வரும். அன்னைக்குச் செஞ்ச கட்டை இன்னைக்குச் செய்யுற கட்டையோடயும் பொருந்துது.

அதாவது, கழட்டுறதுக்குன்னே யோசிச்சுச் செஞ்ச பொருள் அது. ஒட்டி வைக்கத்தான்னா பசை தடவியே வித்திருப்பாங்களே! எட்டுக் குமிழ் உள்ள ஒரே கலர் கட்டை ஆறு இருந்தா, அதை 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேல வேற வேற விதமாச் சேர்க்கலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஆறே ஆறு கட்டைக்கு! எங்க வீட்டு அலமாரியில ஐநூறு துண்டு இருக்கு, பொக்லைன்கிற ஒரே வடிவத்துல உறைஞ்சு போய்.

அரவிந்த் குப்தான்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்ச இஞ்சினியர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேப்பர் இதையெல்லாம் வச்சுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பொம்மை சொல்லிக் கொடுத்தவரு. 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஒரு பொம்மையை வச்சுப் பிள்ளை செய்யக்கூடிய நல்ல காரியம் அதை உடைக்கிறதுதான்னு அவர் சொல்லுவாரு. எங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அவருக்கென்ன, காசு போட்டு வாங்கலையே"ன்னாங்க. அதுவும் நியாயம்தான்.

இப்ப நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். இதுவரைக்கும் எழுதினதில்லை.

என் மகனுக்கு அப்ப ஒன்பது வயசு. மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த டேப் ரெக்கார்டர் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. நான் களத்துலேர்ந்து வர்றேன், திண்ணையில அதை அக்கக்கா பிரிச்சுப் போட்டு, நடுவுல உக்காந்திருக்கான். ஸ்குரூவையெல்லாம் ஒரு கொட்டாங்கச்சியில பத்திரமா எடுத்து வச்சிருந்தான். அது அன்னைக்கு என் கண்ணுல படலை. வேப்பங்குச்சியை ஒடிச்சு அடிச்சேன். அவன் அழுதுக்கிட்டே, "திரும்ப மாட்டிருவேம்பா"ன்னான். நான் காதுல வாங்கலை. எல்லாத்தையும் ஒரு சாக்குல வாரிப் போட்டேன்.

இப்ப அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு எழுதுறான். நல்ல பிள்ளை, மாசமானா பணம் அனுப்பிருவான். போன வருஷம் வந்திருந்தப்போ மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை செய்யலை. மூடியைக் கழட்டிப் பாருடான்னேன். "கழட்டி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னான். நான் கழட்டினேன். உள்ள பல்லி செத்துக் கிடந்துச்சு, அவ்வளவுதான். அன்னைக்கு அடிச்ச அடியாலதான் இப்படி ஆனான்னு நான் சொல்ல வரலை. மனுஷன் எதனால எப்படி ஆவான்னு யாருக்குத் தெரியும்? ஆனா அந்தக் கொட்டாங்கச்சி ஸ்குரூ எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லணும்.

ஒண்ணு பணம். என் தம்பி மகன் சென்னையில இருக்கான், அவன் சொன்னான்: "பெரியப்பா, பிரிக்காத லெகோ பெட்டிக்கு வெளிநாட்டுல தங்கம் மாதிரி விலை ஏறுது." விசாரிச்சா உண்மைதான். ரஷ்யாவுல ஒரு பல்கலைக்கழகத்துல 1987-லேர்ந்து 2015 வரைக்கும் வந்த பெட்டிகளோட விலையை ஆராய்ஞ்சு, உற்பத்தி நின்னு போன பெட்டிகளோட விலை சராசரியா வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல ஏறியிருக்குன்னு சொல்லியிருக்காங்க. இருக்கட்டும். அது வியாபாரிக்கு. விதைக் கடலையை விலை ஏறும்னு ரெண்டு பட்டம் மூட்டையிலேயே வச்சிருந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், முளைப்புத் திறன் போயிரும். பேரனுக்கு இப்ப ஏழு வயசு. இந்த வயசுக்கும் ஒரு பட்டம் இருக்கு. பதினஞ்சு வயசுல அலமாரியைத் திறந்து விட்டா அவன் செல்போனைத்தான் பார்ப்பான்.

ரெண்டாவது, கழட்டினா திரும்பாத பொருளும் உலகத்துல இருக்கு. இதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன்.

போன ஆடித் திருவாதிரைக்கு ஜெயங்கொண்டம் வழியாக் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தோம். ராஜேந்திர சோழன் கட்டின கோயில். 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. சுத்தி இருந்த பெரிய மதில் இப்ப முழுசா இல்லை. ஏன்னா 1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ, அந்த மதில் கல்லை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஊர் ஜனம் தடுத்துப் பார்த்திருக்கு, தண்டனைதான் கிடைச்சிருக்கு. கல்லுக்குப் பதிலா செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு வாக்குக் கொடுத்திருக்காங்க. அதுவும் நடக்கலை. பக்கத்துல மாளிகைமேட்டுல சோழர் அரண்மனை இருந்துச்சு. செங்கல் கட்டடம். காலங்காலமா சனங்க வீட்டுக்கும் கிணத்துக்கும் செங்கல்லைத் தோண்டித் தோண்டி எடுத்துட்டுப் போக, 1980-க்கு மேல தொல்லியல் துறை தோண்டினப்போ அடிச்சுவர்தான் கிடைச்சுது.

கீழணையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணிதான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போகுது, எத்தனையோ குடும்பம் அதால சோறு திங்குது. ஆனா அந்த மதிலை இனி யாராலும் கட்ட முடியாது. எந்தக் கல் எங்க இருந்துச்சுன்னு எழுதி வைக்கலை. இப்பப் பழைய கோயிலைப் பிரிச்சுக் கட்டுறப்போ பாருங்க, ஒவ்வொரு கல்லுலயும் பெயிண்டால நம்பர் எழுதிட்டுத்தான் கை வைப்பாங்க. வித்தியாசம் அதுல இருக்கு.

ஆக, கழட்டலாமா வேணாமான்னு கேட்டா என் பதில் இதுதான்: திரும்பச் சேர்க்க வழி இருந்தாக் கழட்டு. வழி இல்லைன்னாக் கை வைக்காதே. தாத்தா காலத்து மரப்பாச்சியை உடைக்கச் சொல்ல மாட்டேன். லெகோவுக்குப் புத்தகம் இருக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் படம் இருக்கு. துண்டு தொலையாத வரைக்கும் அந்தப் பொக்லைன் எங்கயும் போயிடலை.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஒரு அங்கன்வாடியில நானே பார்த்தேன். எந்த ஊருன்னு சொல்லலை. கலர் கலராக் கட்டை வந்து இறங்கியிருக்கு, அத்தனையும் பீரோவுக்குள்ள. டீச்சரம்மாவைக் கேட்டேன். "ஒண்ணு தொலைஞ்சாலும் ஸ்டாக் நோட்டுக்கு நான்தாண்ணே பதில் சொல்லணும்"னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? பத்துல ரெண்டு தொலையத்தான் செய்யும்னு கணக்குல எழுத ஒரு இடம் கொடுத்தாப் போதும், பீரோ தானாத் திறக்கும். விதைக்கும்போதே எறும்புக்கும் குருவிக்கும் சேர்த்துத்தானே போடுறோம்?

கடைசியா எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேப்பீங்க. நான் மகள்கிட்ட வாதாடலை. வெள்ளிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தாரு. பேரனையே கேக்கச் சொன்னேன். கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கழட்டுப்பா. நான் வர்றப்போ நீ எனக்குக் கட்டிக் காமி"ன்னாரு. என் மகள் எதுவும் பேசாம எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. மறுநாள் காலையில அவளே அலமாரியைத் திறந்தா. பொக்லைனை நாலு பக்கமும் போட்டோ எடுத்தா. டிரைவர் பொம்மையை மட்டும் தனியா எடுத்து, திரும்ப அலமாரியிலயே வச்சா. அது அவர் வச்சதாம். இருந்துட்டுப் போகட்டும்.

என் பழைய வேட்டியைத் தரையில விரிச்சுப் போட்டு, அது மேலதான் கழட்டணும்னு சொன்னேன். உங்க வீட்டுலயும் இப்படிச் செய்யுங்க, துண்டு உருண்டு ஓடாது. முடிஞ்சதும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி எவர்சில்வர் டப்பாவுல கொட்டிரலாம். புத்தகத்தை மட்டும் ரேஷன் கார்டோட சேர்த்து வச்சிருக்கேன்.

போர்வெல் வண்டி ஒரு மாதிரி வந்துச்சு. மூணு சக்கரந்தான் இருக்கு, நாலாவதை மேல ராட்டினமா வச்சிருக்கான். எத்தனை அடியில தண்ணி வந்துச்சுடான்னு கேட்டேன். "இன்னும் வரலை தாத்தா, எழுநூறு அடி போயிருச்சு"ன்னான். எங்க ஊர் நிலவரம் பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு!

இதுவரைக்கும் ரெண்டு துண்டு காணோம். ஒண்ணு கட்டிலுக்கு அடியில கிடைச்சுது. இன்னொண்ணைத் தேடிக்கிட்டு இருக்கோம்.