மிஸ் மேல் புகார் சொல்லப் போகிறவர்களுக்கு

மண்ணூர்பேட்டைப் பெற்றோரே, உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நானும் உங்களில் ஒருவன்தான். காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, எம்.டி.எச். சாலையைத் தாண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்கு ஓடுகிறவன். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன்.

நம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மிஸ் மேல் புகார் போனது உங்களுக்குத் தெரியும். அவர் செய்த குற்றம், செடி தன் உணவைத் தானே எப்படித் தயாரிக்கிறது என்பதைத் தமிழில் விளக்கியது. "இதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்றோம்?" என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் பற்றவைத்தார். அப்புறம் கும்பலாகக் கிளம்பிப்போய் பிரின்சிபாலைப் பார்த்தீர்கள். மிஸ்ஸிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து மிஸ் தமிழை நிறுத்திவிட்டார். பிள்ளைகளும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புத்தகத்தில் அடிக்கோடு போட்ட வரியை மனப்பாடம் செய்து, டெஸ்ட் நோட்டில் அப்படியே இறக்கி வைக்கிறார்கள். நமக்கும் நிம்மதி.

ஃபோட்டோசிந்தசிஸுக்கு ஸ்பெல்லிங் பிசகாமல் எழுதுகிற அதே பிள்ளையை வாசலுக்குக் கூட்டிவந்து, எதிர்வீட்டு முருங்கை மரத்தைக் காட்டி, "இது எதைச் சாப்பிட்டு வளருது?" என்று கேட்டுப்பாருங்கள். "தண்ணி" என்பான். இல்லையென்றால் "உரம்" என்பான். மிஸ் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "வெயில் இல்லன்னா மரம் பட்டினியா மிஸ்?" என்று கேட்டவனும் அவனேதான். அந்தக் கேள்வியை நாம் படையெடுத்துப் போய் அடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கட்டாயம் வேண்டும். எஸ்டேட்டில் டிராயிங் இங்கிலீஷில்தான் வருகிறது, கஸ்டமர் மெயிலும் அதில்தான். இங்கிலீஷில் நாலு வரி எழுதத் தெரிந்தவன் சூப்பர்வைசர் ஆவதையும், கை சுத்தமான தொழில்காரன் அதே மெஷினில் நிற்பதையும் பார்த்துத்தான் நாம் எல்லோரும் இந்தப் பயம் பிடித்துத் திரிகிறோம். பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடு கடைக்குப் போய் நாம் வாங்கிவருகிற சாமான்தான் தப்பு. இங்கிலீஷ் கற்றுக்கொள்வது ஒரு விஷயம், இங்கிலீஷில் கணக்கும் அறிவியலும் படிப்பது வேறு விஷயம். இரண்டாவதற்குப் பணம் கட்டிவிட்டு முதலாவது தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறோம்.

புரிந்த மொழியில் படிக்கிற பிள்ளைதான் நன்றாகப் படிக்கும் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இல் வந்தது, கூடியவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. எந்த மொழியில் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுக்கு இல்லை, பெற்றோருக்குத்தான் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. சரி, உரிமை நம் கையில். அதை வைத்து நாம் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்? டை இருக்கிறதா, ஷூ இருக்கிறதா, பெயர்ப்பலகையில் மெட்ரிக் என்று போட்டிருக்கிறதா!

அந்த மெட்ரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் கல்வி வந்தாயிற்று. மெட்ரிக் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் அதே பாடத்திட்டம், அதே பொதுத்தேர்வு. பலகைதான் வேறு. பலகைக்குக் கொடுக்கிற காசு நமக்கு வலிப்பதில்லை, தமிழில் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் வலிக்கிறது.

இப்போது அந்த மிஸ்ஸைப் பற்றி. அவர் ஒன்றும் லண்டனிலிருந்து வரவில்லை. கொரட்டூரிலோ பாடியிலோ நம்மைப்போன்ற ஒரு வீட்டிலிருந்து வருகிறார். தமிழ் வழியிலோ, பெயருக்கு இங்கிலீஷ் மீடியத்திலோ படித்தவர். இன்று உங்கள் பிள்ளை எப்படி மனப்பாடம் செய்கிறானோ அப்படியே மனப்பாடம் செய்து மேலே வந்தவர். பி.எட். ஒரு வருடமாக இருந்ததை 2015 முதல் இரண்டு வருடம் ஆக்கினார்கள். அப்படியும், வகுப்பில் நின்று ஒரு பிள்ளையை இங்கிலீஷ் பேசவைப்பது எப்படி என்று அவருக்கு யாராவது செய்து காட்டியிருப்பார்களா என்பது அவர் படித்த கல்லூரியைப் பொறுத்தது. ஆசிரியர் தகுதித் தேர்வு, டெட் என்கிறோமே, அதன் முதல் தாளில் மொத்தம் 150 கேள்விகள். அதில் இங்கிலீஷுக்கு 30. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குகிற கேள்விகள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே, ஒரு பத்தி எழுதாமலே தேறிவிடலாம். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் எழுதித் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் என்று 2025 செப்டம்பர் முதல் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் படிப்பு கூடலாம். பேச்சு கூடுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

எஸ்டேட்டில் ஒரு டர்னரை வேலைக்கு எடுப்பதென்றால் என்ன செய்கிறோம்? எங்கே அப்ரண்டிஸ் முடித்தாய், எந்த மெஷின் ஓட்டினாய் என்று கேட்கிறோம். ஒரு பீஸ் ஓட்டச் சொல்லி மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். நம் பிள்ளையின் நாக்கை ஒருவர் கையில் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வேனில் ஏசி உண்டா என்று கேட்கிறோம். ஸ்மார்ட் போர்டு உண்டா என்று கேட்கிறோம். மிஸ்ஸுக்கு என்ன சம்பளம், இங்கிலீஷ் எடுக்க எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டவர் நம் தெருவில் யாராவது உண்டா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த ஊருக்கு இளைத்தவர் அந்த மிஸ்தான். தாளாளரிடம் பேசும்போது நம் குரலே எழும்புவதில்லை.

ஆசிரியருக்கு இங்கிலீஷ் எடுக்கப் பயிற்சி இல்லாத இந்தச் சிக்கல் இன்று முளைத்ததும் அல்ல. 1959-இல் இதே மதராஸ் மாநிலத்தில், ஆரம்ப நிலையில் இங்கிலீஷ் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய இயக்கம் நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் கை அதில் இருந்தது. முதலில் கொஞ்சம் பேரைப் பழக்குவது, அவர்கள் போய் மற்றவர்களைப் பழக்குவது, அந்த மற்றவர்கள் இன்னும் பலரை என்று ஏற்பாடு. உருள உருளப் பெருக்கும் பனியுருண்டை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனியே விழாத ஊருக்கு நல்ல பெயர்தான். உலகமெங்கும் இங்கிலீஷ் கற்பித்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். இங்கே நமக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. 27,000 பேர் என்பது சாதாரண முயற்சி அல்ல. ஆனால் முதல் ஆள் கற்றதில் கடைசி ஆளுக்கு எவ்வளவு வந்து சேரும்? இந்த வகை ஏற்பாட்டின் பலவீனமே அதுதான் என்பேன். ஒரு முறை பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால், வாக்கிய அமைப்புகளை வரிசையாக அடுக்கிப் பழக்கும் பாடம் ஆசிரியர் கையில் வெறும் சடங்காகிவிடும். "திஸ் இஸ் எ பென்" என்று ஆசிரியர் பேனாவைத் தூக்கிக் காட்டுவார். ஐம்பது பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும். அது பேனா என்று பார்த்தாலே தெரிகிறதே, அப்புறம் எதற்குச் சொல்வது?

இந்தக் கேள்வியை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். என்.எஸ்.பிரபு என்று பெயர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் என்று சில சாதாரணப் பள்ளிகளில் சோதனை செய்து பார்த்தார். இலக்கணமும் கோரஸும் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லவைப்பது போன்ற வேலைகள்தான். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி அதன் பின்னாலேயே ஓடிவரும் என்பது அவர் எண்ணம். 1987-இல் இதைப் புத்தகமாக எழுதினார். பணிகளைக் கொடுத்து மொழி கற்பிக்கும் முறைக்கு உலகம் அவரைத்தான் முன்னோடியாகச் சொல்கிறது. பிற்பாடு, 1990-இல், இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லா வகுப்புக்கும் சிறந்த ஒரே முறை என்று எதுவும் கிடையாது, தான் செய்வது ஏன் பலிக்கிறது என்கிற உயிருள்ள புரிதல் ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதே முக்கியம் என்றார். உங்கள் புகாருக்கு ஆளான அந்த மிஸ்ஸிடம் அந்தப் புரிதல் இருந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்ததும் மொழியை மாற்றினார் பாருங்கள், அதுதான் அது.

பிரபு சொன்னது விளங்கவில்லையென்றால் நம் தெருவைப் பாருங்கள். எஸ்டேட் வேலைக்காக பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் வரிசை வீடுகளில் இருக்கின்றன. வந்த புதிதில் கையைக் காட்டிப் பேசிய அந்தப் பிள்ளைகள் இன்று மாஞ்சா, அவுட்டு, போங்காட்டம் என்று நம் பிள்ளைகளோடு தமிழில் சண்டை போடுகின்றன. எந்த மிஸ்ஸும் சொல்லித்தரவில்லை, யாரும் ஃபைன் போடவில்லை. விளையாட்டில் சேர வேண்டியிருந்தது, சேர்ந்தார்கள், மொழி வந்தது. வீட்டில் போஜ்புரியோ ஒடியாவோ பேசுவதால் அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "மம்மி, வாட்டர் கிவ்" என்றால் கைதட்டுகிறோம். நமக்கே தடுமாறும் இங்கிலீஷை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் பீட்டர் விடுகிறோம். பிள்ளை அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டி கதை சொல்ல ஆரம்பித்தால், "அவனுக்கு ஹோம்வொர்க் இருக்கு அத்தை" என்று எழுப்பிவிடுகிறோம். பாட்டி கதையில் காரணமும் விளைவும் இருந்தன, நீண்ட வாக்கியங்கள் இருந்தன, அடுத்து என்ன என்கிற ஏக்கம் இருந்தது. ஒரு மொழியில் கோவையாக யோசித்துப் பழகாத பிள்ளை இன்னொரு மொழியில் எதை வைத்து யோசிக்கும்? இப்போது அவன் தமிழ் தினசரியில் தலைப்பைத் தாண்டுவதில்லை. இங்கிலீஷில் ரைம்ஸைத் தாண்டுவதில்லை. இரண்டு மொழியிலும் வாசலிலேயே நிற்கிறான்.

மாநகராட்சிப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால் உதட்டைப் பிதுக்குகிறீர்கள். அங்கேயும் குறைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளைத் திறந்தபோது, பெரும்பாலும் தமிழ் வழியில் பயின்று வந்த அதே ஆசிரியர்களைத்தான் அங்கே நிறுத்தினார்கள். ஆனால் 2022 ஜூனில், இங்கிருந்து அதிக தூரமில்லாத புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கத்தில், எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றுக்கும் பாடல், அட்டை, செயல்பாடு என்று கையேடு போட்டு, பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று குறை சொல்ல ஆசிரியர்களே நிறைய வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பயிற்சி இருக்கிறது. நாம் காசு கொட்டுகிற இடத்தில் மிஸ்ஸுக்கு என்ன இருக்கிறது? கட்டுக்கட்டாகத் திருத்த நோட்டு. வேனில் பிள்ளைகளை இறக்கிவிடும் டியூட்டி. ஆண்டு விழா டான்ஸ். விடுமுறையில் அட்மிஷனுக்கு வீடுவீடாக நோட்டீஸ். அவ்வளவும் போக, நம் புகார்.

அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு மறுபடி கும்பலாகவே போவோம், நானும் வருகிறேன். இந்த முறை மிஸ் அறைக்கு வேண்டாம், தாளாளர் அறைக்குப் போவோம். தமிழில் விளக்கியதற்காக அந்த மிஸ்ஸிடம் எழுதி வாங்கிய கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் பீரியடில் பிள்ளைகள் வாய் திறந்து பேச எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கேளுங்கள். இங்கிலீஷ் எடுக்கிறவர்களைப் போன வருடம் எந்தப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அனுப்பியதாகச் சொன்னால், அந்த நாளுக்குச் சம்பளம் பிடித்தீர்களா என்றும் கேளுங்கள். பிடித்திருந்தால், போன மாதம் ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று நம்மிடம் வாங்கினார்களே, அந்தப் பணத்திலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.