பஞ்சுத் தூசியா?

பால்வீதியைச் சுற்றும் குறு விண்மீன் திரள்கள் பனியனில் ஒட்டிய பஞ்சுத் தூசியாம். தட்டிவிட்டால் போயிற்று என்கிறார் பொங்கலூர் நண்பர். போகாது. அவற்றில் ஒன்றான பெரிய மெகல்லன் மேகத்தின் நிறை, பால்வீதியின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது என்கின்றன அண்மைக் கணக்குகள். 1.6 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அந்தக் கனம் இழுத்தால் பால்வீதியின் தட்டு சும்மா இருக்குமா? அதன் ஹைட்ரஜன் விளிம்பு வளைந்தே கிடக்கிறது. முக்கியமான சந்தேகம் இந்த மேகத்தின் மேல்தான்.

1994-இல் கண்டறிந்த தனுசு குறுந்திரளோ கிழிந்துகொண்டே சுற்றுகிறது. 2018-இல் கையா விண்கலத் தரவில், சூரியனை அடுத்துள்ள விண்மீன்களின் மேல்கீழ் அசைவில் ஒரு சுருள் தெரிந்தது. எதுவோ தட்டை உலுக்கிய தடம். உலுக்கியது தனுசுதான் என்று பலர் கருதுகிறார்கள், வழக்கு முடியவில்லை. ஆனால் வெறும் தூசி மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

“நமக்கென்ன?” என்றும் கேட்கிறார் நண்பர். 1987-இல் மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனைக் நம் காவலூர் வானாய்வகத்திலிருந்தே ஆராய்ந்தார்கள். பொங்கலூரில் தை மாத இரவில், தெற்கு அடிவானத்துக்குச் சுமார் 10 டிகிரி மேலே அந்த மேகம் வரும். திருப்பூர் வெளிச்சம் வடக்கே இருக்கிறது. நெடுஞ்சாலை விளக்குகளைத் தாண்டி, ஏதாவது தோட்டத்து வரப்பில் நின்று தெற்கே பார்க்கட்டும்.